பத்துப் பிள்ளை பெற்றவளுக்கு என்ன வயது?

உங்கள் வீட்டுப் பாட்டிக்கு என்ன வயது என்று யாராவது கேட்டால் சட்டென்று என்ன சொல்வீர்கள்? "எண்பது தாண்டியிருக்கும்" என்பீர்கள். பக்கத்தில் நிற்கும் அத்தை, "எண்பதா? தொண்ணூறுக்குக் குறையாது!" என்பார். அடையாளக் கார்டை எடுத்துப் பார்த்தால் அதில் மூன்றாவதாக ஒரு கணக்கு இருக்கும். பாட்டியையே கேட்டாலோ, வெற்றிலையின் காம்பைக் கிள்ளிக்கொண்டே, "ஜப்பான்காரன் வந்தப்ப நான் ஆயாக் கொட்டகையில ஓடியாடுற புள்ளை" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

நாம் சிரித்துவிடுகிறோம். படிக்காத கிழவி, தேதி தெரியவில்லை என்று நினைக்கிறோம். சற்று யோசித்துப் பாருங்கள். ஜப்பானியர் பினாங்கில் குண்டு போட்டது 1941 டிசம்பர் மாதம். ஆயாக் கொட்டகையில் ஓடியாடும் பிள்ளைக்கு நான்கு வயது, மிஞ்சினால் ஐந்து. ஆக, பாட்டி 1936 அல்லது 1937-இல் பிறந்தவர். கார்டில் கிராணி எழுதி வைத்த கணக்கைவிட இந்தக் கணக்குத்தான் பல நேரங்களில் சரி. பாட்டி தேதி சொல்லத்தான் செய்தார். நமக்குத்தான் அவருடைய காலண்டரைப் படிக்கத் தெரியவில்லை.

பெரிய குடும்பத்துப் பாட்டி ஒருவர் காலமாகிவிட்டால் என்ன நடக்கிறது என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சுங்கை பட்டாணியிலிருந்தும் பட்டர்வொர்த்திலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேருவார்கள். பேரன் பேத்திகளை எண்ணி மாளாது. பத்திரிகைக்கு நினைவு அஞ்சலி கொடுக்க வேண்டும் என்று மூத்த பேரன் காகிதமும் பேனாவுமாக உட்காருவான். "பிறந்த ஊர்?" என்று கேட்பான். கூடம் நிறைய ஆள் இருக்கும். பதில் சொல்ல ஆள் இருக்காது.

பத்துப் பிள்ளை பெற்றவளின் கதை பத்துப் பேருக்கும் முழுதாகத் தெரிந்திருக்கும் என்று நினைப்பது தவறு. மூத்த மகளுக்குத் தெரிந்த தாய் இருபது வயதுப் பால்வெட்டுக்காரி. விடிவதற்கு முன் எழுந்து, இடுப்புக் குழந்தையை ஆயாக் கொட்டகையில் போட்டுவிட்டு ஓடியவள், கோபக்காரி, கை நீளம். கடைக்குட்டிக்குத் தெரிந்த தாயோ தலை நரைத்து, வேலையை விட்டு நின்று, மடியில் போட்டுச் சோறு ஊட்டியவள். இரண்டும் ஒரே பெண்தானா என்று அக்காளும் தம்பியும் சண்டை போட்டுக்கொள்வதுகூட உண்டு. பத்துப் பேரிடமும் பத்துத் துண்டாகக் கிடக்கிறது அவள் வாழ்க்கை. ஒருவரிடமும் முழுசாக இல்லை.

அதனால்தான் இந்தக் கட்டுரை. பாட்டி இருக்கும்போதே, அல்லது அவர் போன பிறகு பிள்ளைகள் எல்லாரும் ஒரே கூடத்தில் இருக்கும் அந்தச் சில நாள்களிலே, துண்டுகளை எப்படிச் சேர்ப்பது என்று பார்ப்போம். வடக்கே கெடா, செபராங் பிறை, பேரா பக்கத்துத் தோட்டக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் கதை பினாங்குத் துறைமுகத்தில்தான் தொடங்குகிறது. நாமும் அங்கிருந்தே தொடங்கலாம்.

கப்பல் வந்த துறை

பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலக் கொடி ஏற்றியது 1786-இல். அதற்குப் பின் அரை நூற்றாண்டுக்குள், 1833-இல், குயின் தெருவில் மகா மாரியம்மன் கோயில் எழுந்துவிட்டது என்றால், நம்மவர்கள் எத்தனை சீக்கிரம் அங்கே கால் ஊன்றியிருக்க வேண்டும்! துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், படகு தள்ளியவர்கள், கடை வைத்தவர்கள், வட்டிக்குக் கொடுத்த செட்டியார்கள் என்று எல்லா வகையும் உண்டு. ஆனால் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கியவர்கள் தோட்டத்துக்கு என்று அழைத்து வரப்பட்டவர்கள்தான். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்த பிறகு கங்காணி முறைதான் பெருவழக்கு. கங்காணி ஊருக்குப் போவார். தன் சாதிசனம், பக்கத்து ஊர்க்காரர் என்று ஆள் சேர்ப்பார். ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ முகாமில் தங்க வைத்து, டாக்டர் பார்த்து, கப்பல் ஏற்றுவார்கள். கப்பல் செலவு இந்தியர் குடிநுழைவு நிதியிலிருந்து. தோட்ட முதலாளிகளிடம் வரியாக வசூலித்து 1907-இல் அமைத்த நிதி அது.

கப்பல் என்றால் பழையவர்கள் வாயில் முதலில் வருவது 'ரஜுலா'. 1926-இல் கட்டியது. நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய ஐம்பது ஆண்டு காலம் ஓடியது. அதே ஆண்டு கட்டிய உடன்பிறப்புக் கப்பல் 'ரோனா'வுக்கு அந்த ஆயுள் கிடைக்கவில்லை. யுத்தத்துக்கு எடுத்துப் போய், 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் ஜெர்மானியர் அதை மூழ்கடித்தார்கள். அமெரிக்கச் சிப்பாய்கள் ஆயிரத்துக்கும் மேல் மாண்டார்கள். உங்கள் கொள்ளுப்பாட்டி சட்டி பானையோடு படுத்து வந்த தளமாகக்கூட அது இருந்திருக்கலாம், யார் கண்டது!

மேல்தளத்தில் பாய் விரித்து ஒரு வாரம். வாந்தி, மயக்கம், உப்புக் காற்று. பினாங்கு மலை கண்ணில் பட்டதும் இறங்கிவிடலாம் என்று நினைத்தால் அதுவும் உடனே இல்லை. தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே ஜெரஜாக் என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. அம்மை, காலரா போன்ற நோய் ஒட்டிக்கொண்டு வந்துவிடக்கூடாதென்று கப்பலில் வந்தவர்களை அங்கே அடைத்து வைத்துப் பார்த்து அனுப்புவார்கள். குஷ்டரோகிகளுக்கும் அதே தீவில்தான் ஆஸ்பத்திரி. பின்னாளில், 1969 முதல் 1993 வரை, அதுவே சிறைச்சாலையாகவும் இருந்தது. "எங்கம்மா வந்தப்ப ஒரு தீவுல பூட்டி வச்சிருந்தாங்களாம்" என்று பாட்டி சொன்னால் கற்பனை என்று தள்ளிவிடாதீர்கள். இன்றும் பினாங்குப் பாலத்தில் போகும்போது தெற்கே பார்த்தால் பச்சைப் பசேலென்று அந்தத் தீவு தெரியும்.

இங்கே முதல் கேள்வியைக் கேளுங்கள்: "நீங்க கப்பல்ல வந்தீங்களா, இங்கேயே பிறந்தீங்களா?" அதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஏனென்றால் 1938 ஜூன் மாதத்தோடு இந்திய அரசாங்கம் கூலியாள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. கூலியைக் குறைத்துக்கொண்டே போனதுதான் காரணம். அந்தக் கூலியைப் பற்றி ஒரு வார்த்தை: 1928-இல் போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களுக்கு நிர்ணயித்தது ஆணுக்கு ஒரு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. விலை வீழ்ச்சி வந்தபோது அதுவும் இறங்கியது. ஆயிரக்கணக்கானவர்களைத் திருப்பிக் கப்பலேற்றிவிட்டார்கள். ஆகவே கங்காணியோடு வந்தவர் என்றால் 1938-க்கு முன். அதற்குப் பின் வந்தவர் என்றால் சொந்தச் செலவில், பெரும்பாலும் கல்யாணப் பெண்ணாகவோ, உறவினரைத் தேடியோ வந்தவர்.

கப்பலின் பெயர் இன்னொரு தடயம். 'ரஜுலா' என்றால் எழுபதுகளின் தொடக்கத்துக்கு முன். 'சிதம்பரம்' என்றால் அதற்குப் பின். 'சிதம்பரம்' கப்பலில் 1985-இல் தீப்பிடித்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது. அதோடு அந்தக் கப்பல் பயணமும் முடிந்துபோயிற்று.

ஊர்ப் பெயர் கேட்கும்போது ஒரு சிக்கல் வரும். பாட்டி "வட ஆற்காடு" என்பார், "தென்னாற்காடு ஜில்லா" என்பார். பேரன் கைப்பேசியில் தேடுவான், அகப்படாது. வட ஆற்காட்டை 1989-இலும், தென்னாற்காட்டை 1993-இலும் பிரித்துவிட்டார்கள். நாமக்கல், சேலம் ஜில்லாவாகவும் கரூர், பெரம்பலூர், திருச்சி ஜில்லாவாகவும் இருந்தவை. ஆகவே ஜில்லாவோடு விடாமல் தாலுகா எது, பக்கத்துச் சந்தை எது, குலதெய்வம் எது என்று கேளுங்கள். ஜில்லாவின் பெயர் மாறினாலும் குலதெய்வம் இருந்த இடத்தில்தான் இருக்கும்.

ஜப்பான்காரன் காலம்

பாட்டிமாரின் காலண்டரில் பெரிய எழுத்தில் அச்சடித்த பக்கம் இது. 1941 டிசம்பர் 11. பினாங்கின் மேல் ஜப்பானிய விமானங்கள் வந்தபோது ஜனங்கள் வீதியில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். குண்டு விழும் என்று யாருக்கும் தெரியாது. ஜார்ஜ் டவுன் வீதிகளில் பிணங்கள் எடுப்பாரின்றிக் கிடந்தன. வெள்ளைக்காரர்களோ தங்கள் ஜனங்களை மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த ஆங்கிலக் கொடியை இறக்கியவர் யார் தெரியுமா? நம்மவர்தான். 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' பத்திரிகையின் ஆசிரியர், இலங்கைத் தமிழர் எம். சரவணமுத்து. கொடியை இறக்கி, பட்டணத்தில் இனி சண்டையில்லை என்று வானொலியில் அறிவித்து, குண்டுவீச்சை நிறுத்த வழி செய்தார். டிசம்பர் 19-ஆம் தேதி ஜப்பானியர் பினாங்கில் நுழைந்தார்கள்.

அப்புறம் மூன்றரை ஆண்டு மரவள்ளிக் கிழங்குதான். வாழைமரம் போட்ட நோட்டு. கோணிச் சாக்கு உடை. இதெல்லாம் எல்லாப் பாட்டியும் சொல்வார்கள், சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சொல்லாமல் தாண்டிப்போகும் ஒன்று உண்டு. அது சயாம் ரயில்.

1942-லும் 1943-லும் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட ஜப்பானியர் ஆள் பிடித்தார்கள். மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் போனார்கள். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். பல்லாயிரவர் திரும்பவில்லை. வெள்ளைக்காரக் கைதிகளுக்கு அங்கே கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பெயர் பொறித்த கல் இருக்கிறது. நம்மவர்களுக்குப் பெயர்ப் பட்டியல்கூட ஒழுங்காகக் கிடையாது.

லயத்தில் தனித்து விடப்பட்ட இளம் பெண்கள் என்ன செய்தார்கள்? இரண்டு பிள்ளையை வைத்துக்கொண்டு, புருஷன் செத்தானா இருக்கிறானா என்று தெரியாமல் எத்தனை நாள் காத்திருப்பது? சிலர் மறுபடி ஒருவரோடு வாழ்ந்தார்கள். உங்கள் குடும்பத்திலும் பாட்டியின் மூத்த அண்ணனுக்கு ஒரு தகப்பன் பெயரும் பாட்டிக்கு இன்னொரு தகப்பன் பெயரும் இருந்தால், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். பாட்டியின் தாயாருடைய நடத்தையை அதை வைத்து எடை போடவும் வேண்டாம். 'சயாமுக்குப் போனவர்' என்று அந்த முதல் பெயரையும் நோட்டில் எழுதுங்கள். அந்த மனிதருக்கு உலகத்தில் வேறு எந்தக் கல்லிலும் பெயர் இல்லை.

அதே காலத்தில்தான் நேதாஜி படையும். ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த தோட்டத்துப் பெண்கள் உண்டு. செந்தூலில் பிறந்த அஞ்சலை பொன்னுசாமி 2022-இல் தமது 102-ஆவது வயதில் காலமானபோது இந்தியப் பிரதமரே இரங்கல் சொன்னார். துப்பாக்கி தூக்கியவர் பெயர் நின்றது. தாலிக்குண்டைக் கழற்றி நிதிக்குக் கொடுத்த பெண்கள் பெயர் அவரவர் வீட்டில்தான் இருக்கிறது.

பிள்ளைகள் பிறந்த வருஷங்கள்

பாட்டி சிறுமியாக இருந்த காலத்தைக் கண்டுபிடிப்பதற்கு இன்னும் சில அடையாளங்கள் சொல்கிறேன். 1946, 1947-இல் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை என்று ஒன்று கிளம்பியது. கள்ளுக்கடை முன்னே மறியல். பெண்களும் சேர்ந்து நின்றார்கள். பாட்டிக்கு அது ஞாபகம் இருந்தால் அப்போது அவருக்குப் பத்து வயது என்று வைத்துக்கொள்ளலாம். காந்தி செத்த செய்தி வந்து தோட்டமே அழுதது 1948 ஜனவரி. அதே ஆண்டு ஜூன் மாதம் அவசரகாலம் வந்தது. 1960 ஜூலை வரை நீடித்தது. லயங்களை முள்வேலிக்குள் கொண்டுவந்ததும், கேட்டில் சோறு கொண்டுபோகிறார்களா என்று சோதித்ததும் அப்போதுதான். அடையாளக் கார்டு என்ற ஒன்று வந்ததும் அப்போதுதான். பாட்டியின் வயதைக் கங்காணி ஒன்று சொல்ல, கிராணி ஒன்று எழுத, பெயரும் மாறிப்போன கதை அங்கேதான் ஆரம்பம். மாரியாயி என்ற ஒரு பெயரை எத்தனை விதமாக எழுதலாம் என்று நம் வீட்டுப் பத்திரங்களைப் பார்த்தால் தெரியும்!

சினிமாவையும் மறக்காதீர்கள். "பராசக்தி வந்தப்ப மூத்தவ வயித்துல" என்று ஒரு தாய் சொன்னால் அது உறுதியான சாட்சி. தமிழ்நாட்டில் அந்தப் படம் வந்தது 1952 தீபாவளிக்கு. தோட்டத்துத் திடலில் துணி கட்டிக் காட்டுவதற்குச் சற்றுப் பிந்தியிருக்கும். தைப்பூசத்துக்கு மறுநாள் பிறந்தவன், ஆடி பதினெட்டில் பிறந்தவள் என்று சொன்னால் இன்னும் நல்லது. வருஷம் மட்டும் கிடைத்தால் போதும், பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்து இங்கிலீஷ் தேதியே எடுத்துவிடலாம்.

இப்படிப் பத்துப் பிள்ளைகளையும் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் எதிரே எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், யார் பிள்ளைப்பேறு பார்த்தது என்று குறியுங்கள். எழுதும்போதே பாட்டியின் நாள் எப்படிப் போயிற்று என்பதும் வெளியே வரும். விடியற்காலை நான்கரைக்கு எழுந்து அடுப்பு மூட்டி, ஐந்தரைக்குப் பெரட்டுக்கு நின்று, முந்நூறு மரத்துக்கு மேல் வெட்டி, காண்டாவில் பால் சுமந்து ஸ்டோரில் நிறுத்து, பன்னிரண்டு மணிக்கு மேல் வீட்டுக்கு வந்து, அதற்குப் பிறகுதான் துணி, விறகு, மாடு, கீரைப் பாத்தி, மீதிச் சமையல். ஆயாக் கொட்டகையில் பால் கட்டிப்போன மார்போடு ஓடி வந்து குழந்தையைத் தூக்கிய தாய்மார்களை நேரில் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அவர்களிடம் கேளுங்கள். கடைக்குட்டியிடம் கேட்டால் கிடைக்காது.

வரிசை எழுதும்போது ஒன்று கவனியுங்கள். இரண்டாவது பிள்ளைக்கும் மூன்றாவது பிள்ளைக்கும் நடுவே நான்கு வருஷம் இடைவெளி இருக்கும். மற்றவர்களுக்கு நடுவே இரண்டு வருஷந்தான். ஏன்? கேட்கலாமா கூடாதா என்று தயங்குவீர்கள். பக்குவமாக, அம்மாவோ பெரிய அத்தையோ பக்கத்தில் இருக்கும்போது கேளுங்கள். "பெத்தது எத்தனை, தங்குனது எத்தனை பாட்டி?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத பாட்டியை நான் இன்னும் பார்க்கவில்லை. அறுபது வருஷம் ஆகியிருக்கும். ஆனாலும் பெயர் சொல்வார்கள். எந்தக் காய்ச்சலில் போனது, எந்தப் பால்மரக் காட்டு ஓரத்தில் புதைத்தது என்பது வரை சொல்வார்கள். பத்துப் பிள்ளை பெற்றவள் என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தோமே, உண்மையில் பன்னிரண்டாக இருக்கும். அந்த இரண்டு பெயரையும் வரிசையில் அதனதன் இடத்தில் எழுதுங்கள்.

நீலமும் சிவப்பும்

இந்தக் கணக்கெல்லாம் எதற்கு, பழங்கதைதானே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒன்று சொல்கிறேன்.

பினாங்கும் செபராங் பிறையும் அன்று ஆங்கிலேயரின் நேரடிக் குடியேற்றப் பகுதி. கெடா, சுல்தானின் மாநிலம். புக்கிட் மெர்தாஜாம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த தமிழ்க் குழந்தை பிரிட்டிஷ் பிரஜை. அங்கிருந்து சில மைல் கிழக்கே, கூலிம் தோட்டத்தில் பிறந்த அதன் தம்பி பிரிட்டிஷ் பிரஜை அல்லன். 1948 மலாயாக் கூட்டரசு ஒப்பந்தம் வந்தபோது, பினாங்கிலோ மலாக்காவிலோ பிறந்து இங்கேயே நிலையாக வாழ்ந்த பிரிட்டிஷ் பிரஜைக்குச் சட்டப்படி தானாகவே குடியுரிமை. மற்றவர்கள் தகப்பன் எங்கே பிறந்தார், எத்தனை ஆண்டு குடியிருந்தார் என்றெல்லாம் காட்ட வேண்டியிருந்தது. தோட்டம் விட்டுத் தோட்டம் மாறி, மாநில எல்லையை அறியாமலே கடந்து போன நம் குடும்பங்களில் எத்தனை பேருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்கும்?

1957 ஆகஸ்டு 31-இல் சுதந்திரம். அந்த நாளிலும் அதற்குப் பிறகும் இங்கே பிறந்த பிள்ளைகள் பிறப்பாலேயே பிரஜைகள் ஆனார்கள். (1962-க்குப் பின் தாய் தகப்பன் ஒருவராவது பிரஜையாகவோ நிரந்தரக் குடியிருப்பாளராகவோ இருக்க வேண்டும் என்று சேர்த்தார்கள்.) முன்னே இங்கு பிறந்தவர்கள் மனுப் போட்டுப் பதிந்துகொள்ள வேண்டும். முதல் ஓராண்டுக்குள் மனுப் போட்டால் மலாய் மொழிச் சோதனை கிடையாது என்ற சலுகையும் இருந்தது. சங்கத்துக்காரர்கள் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொன்னார்கள். ஆண்கள் பலர் போய்ப் பதிந்தார்கள். பெண்கள்? கையில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒரு பிள்ளை. ஒரு நாள் வேலை போனால் ஒரு நாள் கூலி போச்சு. "எனக்கு எதுக்கு அதெல்லாம்?" என்று இருந்துவிட்டார்கள்.

அந்த ஒரு வார்த்தையின் விலை பிற்பாடுதான் தெரிந்தது. மே 1969-க்குப் பிறகு பிரஜை அல்லாதவர்கள் வேலை பார்க்கப் பெர்மிட் வேண்டும் என்று வந்ததும் பல்லாயிரம் தமிழர்கள் கப்பலேறினார்கள். பினாங்குத் துறைமுகத்தில் அந்த ஆண்டுகளில் நடந்த பிரிவை நேரில் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீலக் கார்டு அண்ணன் கரையில், சிவப்புக் கார்டுத் தங்கை கப்பலில். பாட்டியின் உடன்பிறந்தார் யாராவது 'ஊருக்குப் போய்விட்டார்' என்று கேள்விப்பட்டிருந்தால் எந்த வருஷம் போனார் என்று கேட்டுப் பாருங்கள். இலங்கை மலையகத்தில் நம்மவர்களுக்கு 1948-லேயே குடியுரிமை போயிற்று. 1964-இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு ஆளைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். அங்கே ஒரே நாளில் சட்டம் போட்டுச் செய்ததை இங்கே காகிதம் இல்லாமை மெள்ள மெள்ளச் செய்தது.

பத்துப் பிள்ளைகளுக்கும் நீலக் கார்டு. அத்தனை பேரையும் பெற்றவளுக்குச் சிவப்புக் கார்டு. ஓட்டுப் போட அத்தனை பேரும் கிளம்பிப் போகும்போது அவள் மட்டும் வீட்டுக்குக் காவல். இந்த நாட்டு மண்ணிலேயே பிறந்தவளாக இருந்தும், பிறப்புப் பத்திரம் இல்லாத காரணத்தால் கடைசிவரை சிவப்புக் கார்டோடு கண் மூடிய பாட்டிமார் அநேகர். உயிரோடு இருப்பவர்களும் உண்டு. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், மேலே சொன்ன வரிசை வெறும் கதையல்ல. எந்தத் தோட்டம், எந்த மாவட்டம், எந்த ஆண்டு, கூடப் பிறந்தவர் யார், அவர் பத்திரம் எங்கே என்ற விவரங்கள்தான் பதிவிலாகாவில் மனுவுக்குப் பின்பலம். தோட்டப் பள்ளியின் பழைய சேர்க்கைப் புத்தகத்தில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். செக்ரோல் அகப்பட்டால் அதிர்ஷ்டம். 1951-இல் சேமநிதி வந்த பிறகு பாட்டி வேலை பார்த்திருந்தால் அந்தக் கணக்கிலும் ஒரு பெயர், ஒரு வயது இருக்கும். மூன்றும் மூன்று விதமாக இருந்தாலும் எடுத்து வையுங்கள்.

கடைசிப் பிள்ளையின் தாய்

இனி கடைக்குட்டியின் முறை. 1970-க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்குத் தெரிந்த உலகமே வேறு. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றன. தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தபோது, துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது. பாட்டியின் டிரங்குப் பெட்டி அடியில் அந்தப் பங்குப் புத்தகம் கிடக்கிறதா என்று பாருங்கள். வெற்றிலைச் செலவைக் குறைத்துக் கட்டிய காசு அது.

1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்தது. தாய் பால்வெட்டிய கையோடு மகளைத் தொழிற்சாலைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். மகளின் முதல் சம்பளத்தில் வீட்டுக்கு என்ன வந்தது? தையல் மிஷினா, வானொலியா, அம்மாவுக்கு மூக்குத்தியா? இளைய பிள்ளைகள் இதைக் கண்கள் மின்னச் சொல்வார்கள். 1985 செப்டம்பரில் பினாங்குப் பாலம் திறந்ததும், 1988 ஜூலை 31-இல் பட்டர்வொர்த் படகுத்துறை இடிந்து 32 பேர் மாண்டதும் அவர்களுடைய காலண்டர். அன்று ஃபெர்ரி ஏறப் போனவர்கள் வீடு திரும்பும் வரை வாசலில் நின்ற தாய்மார்கள் எத்தனை பேர்! பாட்டி தண்ணீர்மலைக்குக் கடைசியாகப் படியேறியது எப்போது என்று கேளுங்கள். 2012 கும்பாபிஷேகத்துக்கு முன்னா பின்னா என்பதில் அநேகமாகப் பேத்திகளுக்குள் வாக்குவாதம் வரும். வரட்டும். மருமகள்களை மறந்துவிடாதீர்கள். மகன்கள் காணாத மாமியாரைக் கண்டவர்கள் அவர்கள். புகழ்ந்தாலும் சரி, குறை சொன்னாலும் சரி, எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதும் முறையைப் பற்றி இரண்டே வார்த்தை. கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யலாம். ஆனால் நோட்டிலும் எழுதுங்கள். கைப்பேசி மாறும்போது குரல் போய்விடும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டு அவரைக் களைப்பாக்காதீர்கள். அவர் கீரை ஆயும்போது, பூத் தொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் தானாக வரும். அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். கிராணி செய்ததுபோல நீங்களும் மாற்றி எழுத வேண்டாம்.

பாட்டி காலமாகிவிட்டால், மரணத்தைப் பதியும்போது அடையாளக் கார்டை ஒப்படைத்துவிட வேண்டும். துக்கத்தில் யாரும் யோசிப்பதில்லை. கார்டு போன பிறகு, அவர் இளமை முகம் இருந்த ஒரே படமும் அதோடு போய்விட்டதே என்று தவித்த குடும்பங்கள் உண்டு. ஆகவே இன்றைக்கே, அவர் இருக்கும்போதே, கார்டின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும், பழைய கார்டுகள் இருந்தால் அவற்றையும் படியெடுங்கள். நோட்டுக்கும் படி எடுத்துப் பத்துப் பிள்ளைகள் வீட்டிலும் ஒவ்வொன்று வையுங்கள். ஊருக்குப் போன தங்கையின் பிள்ளைகள் முகவரி கிடைத்தால் அவர்களுக்கும் ஒன்று அனுப்பி வையுங்கள்.